வளவும் வாவியும்: மட்டக்களப்புக் கரையோரத்தில் வீட்டுத்தோட்டத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவி இலங்கையின் கிழக்குக் கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பாகும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம், ஞாயிறு எழும் திசையில் இருப்பதால் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளங்களுமாக விரியும் உள்நிலம், ஞாயிறு படும் திசையில் இருப்பதால் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. நெல் பெரும்பாலும் படுவான்கரையில் விளைந்தது. அந்த நெல்லுக்கு உரியவர்களில் பலரோ எழுவான்கரையின் நெருக்கமான ஊர்களில் குடியிருந்தனர். வயல் ஓரிடத்திலும் வீடு வேறோரிடத்திலும் அமைந்த இந்தப் பிரிவைக் கருத்திற் கொள்ளாமல், இப்பகுதியின் வீட்டுத்தோட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதையோ, இன்று ‘சேதன விவசாயம்’ என்று புகழப்படும் அதன் முறைகள் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தன என்பதையோ விளங்கிக்கொள்ள முடியாது.

வீடும் அதைச் சூழ்ந்த வேலியடைத்த நிலமும் சேர்ந்தது இங்கு வளவு எனப்படும். பின்னிய தென்னோலையாகிய கிடுகினாலோ, நட்டால் வேர்விட்டு வளரும் பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலிய கதியால்களாலோ வேலி அமைந்தது. வளவினுள் தென்னையும் கமுகும் மாவும் பலாவும் மேலே விரிந்து நிற்க, அவற்றின் கீழே வாழை, முருங்கை, தேசி, மாதுளை, அன்னமுன்னா முதலியன இடைத்தட்டில் வளர்ந்தன. தரையில் கத்தரி, கொச்சிக்காய், பயற்றங்கொடி, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியனவும், வேலியின் மேல் முசுட்டை, குறிஞ்சா போன்ற படர்கொடிகளும் இருந்தன. இவற்றின் இளம் இலைகளைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூவுடன் சேர்த்துச் செய்யும் சுண்டல், மீன்கறியோடு சோற்றுக்கு அன்றாடத் துணையாயிற்று. தட்டுத்தட்டாகப் பயிர் அமைந்த இந்த ஒழுங்கைத் திட்டமிட்டுச் செய்த அறிவியல் என்று இக்காலத்தார் எழுதுவதுண்டு. உண்மையில் அதில் திட்டத்தின் பங்கைவிட, எந்த விதை எங்கே முளைத்ததோ அதைப் பிடுங்காமல் விட்ட பொறுமையின் பங்கே கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

பெரும்போகம் எனப்படும் மாரிகால வேளாண்மை தொடங்கியதும் ஆண்கள் வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சென்றனர். பெருநிலக்காரராகிய போடியார், அவருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரர், கூலியாட்கள் ஆகியோரில் பலர் விதைப்புக் காலத்திலும் காவற்காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலோரத்து வாடிகளில், அதாவது தற்காலிகக் குடிசைகளில், நாட்கணக்காகத் தங்கினர். அந்நாட்களில் எழுவான்கரை வளவின் முழுப் பொறுப்பும் பெண்களிடம் இருந்தது. கறிக்கு வேண்டியது வளவிலிருந்தே வந்தாக வேண்டும். விற்பதற்கு மிஞ்சுவது தேங்காயும் கமுகங்காயும் வாழைக்குலையும் முருங்கைக்காயுமாக, கைக்காசாகப் பெண்ணிடமே சேர்ந்தது. வயல் ஆணின் கணக்கிலும் வளவு பெண்ணின் கணக்கிலும் நடந்தன என்று சொன்னால் அது சற்று மிகைப்படுத்திய கூற்றாயினும், பெரிதும் பிழையாகாது.

இதற்குச் சொத்துரிமை வழக்கமும் துணை நின்றது. மட்டக்களப்புத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பிரிவு. ஒருவர் தம் தாயின் குடியைச் சேர்ந்தவராவார். முற்காலத்தில் இங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் எனப்படும் மூதாதையர் சொத்து தாய்வழியே இறங்கியது. இச்சட்டத்தைப் பற்றிய கிறிஸ்டோபர் பிரிட்டோவின் நூல் வெளிவந்த 1876 ஆம் ஆண்டிலேயே, திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டமையால், நீதிமன்றங்களில் அது மெல்ல வழக்கிழந்தது. ஆயினும் ஊர்வழக்கம் மாறவில்லை. மகளுக்குத் திருமணமாகும்போது வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மருமகன் மனைவியின் வீட்டில் வந்து குடியிருப்பதும், பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் அதே வளவின் ஒரு மூலையிலோ அயலிலோ வேறு வீடு கட்டிப் போவதும் தொடர்ந்தன. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியான தம் நூலில் இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தோட்டத்தின் நோக்கில் பார்த்தால் இவ்வழக்கத்தின் விளைவு பெரிது. தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்; பலாவும் மாவும் முழுப்பயன் தர அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். தாய் நட்ட மரத்தின் காயைப் பறிப்பவள் மகள், அடுத்து அவளுடைய மகள் என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் இத்தகைய நீண்டகால மரங்கள் நடப்படும். பிறந்த வளவை விட்டு நீங்காத பெண்ணுக்கு எந்தக் கிணற்றோரத்தில் உவர் ஏறும், எந்த மூலையில் மாரி நீர் தேங்கும், எந்த மரத்தின் கீழ் வல்லாரை பிடிக்கும் என்பன சிறுவயது முதலே தெரிந்திருந்தன. திருமணமாகிக் கணவனின் ஊருக்குப் போகும் வழக்கமுள்ள சமூகங்களில் ஒவ்வொரு தலைமுறையும் அவ்வறிவைப் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. இங்கு அது வளவோடு சேர்த்தே கைமாறியது.

எழுவான்கரையின் மண் கடல்மணல். அதில் நீர் நில்லாது. இட்ட சத்தும் நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். ஆனால் அதே மணல்தான் மாரி மழையை உள்வாங்கிச் சேமிக்கவும் செய்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததாதலால், நிலத்தடியில் உள்ள உவர்நீரின்மேல் அது ஒரு வில்லையைப் போல் மிதந்து நிற்கிறது. புவிநீரியலார் இதனை நன்னீர் வில்லை என்பர். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை இந்த வில்லையை நிரப்ப, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அது மெலிகிறது. ஆழமாகத் தோண்டினால் உவர் கலக்கும் என்பதால் மணலில் ஆழமில்லாத கிணறுகளையும், பூவல் எனப்படும் சிறுகுழிகளையும் தோண்டி, வாளியாலும் துலாவாலும் சிறிது சிறிதாக நீர் அள்ளினர். கையால் அள்ளும் வேகத்துக்கு ஏற்ப நீர் மீண்டும் ஊறியது; நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னரே அந்தச் சமநிலை கேள்விக்குரியதாயிற்று.

மணலில் ஒரு கத்தரிக்கன்றை நடும் முறையைப் பார்த்தால் இந்தத் தோட்டக்கலையின் உட்பொருள் விளங்கும். முதலில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்புறம் மேலே தெரியும்படி அடுக்குவர். பொச்சு நீரைப் பிடித்து வைத்து, இட்ட பசளை மணலினூடே இறங்கிவிடாமல் தடுக்கும். அதன்மேல் காய்ந்த மாட்டெரு, சருகு, அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை இட்டு மூடி, சில நாட்கள் நீர் ஊற்றி ஆறவிட்ட பின், வெயில் சாய்ந்த நேரத்தில் கன்றை நட்டு, அதற்கு ஓலைத்துண்டாலோ பூவரசங்கிளையாலோ நிழல் கட்டுவர். இலையில் பேன் பிடித்தால் விடியற்பனி காயுமுன் சாம்பல் தூவுவர். சமையற் கழிவுநீர் வாழையடிக்கும், மீன் கழுவிய நீர் தேசிக்கும் முருங்கைக்கும், மீன் குடலும் செதிளும் தென்னையடிக்கும் போயின. இங்கு எருவின் பெரும்பகுதி வாவியிலிருந்தும் படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளிலிருந்தும் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. வளவு தன்னுள்ளேயே தன்னிறைவு பெற்ற ஒன்றன்று. வயலும் மேய்ச்சல் நிலமும் வாவியும் தந்த சத்தே மணலை மண்ணாக்கியது.

பயிர்களிலும் வெளியிலிருந்து வந்தவை ஏராளம். 1628 இல் போர்த்துக்கேயர் வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களான கொச்சிக்காய் எனப்படும் மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரமுந்திரிகை என்பன ஐரோப்பியரின் கடல்வழித் தொடர்புகளோடு இத்தீவை அடைந்தன. மரவள்ளி ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. பசிபிக் தீவுகளுக்குரிய ஈரப்பலாவும் பின்னர் வளவுகளில் இடம்பிடித்தது. இன்று ‘பாரம்பரிய உணவு’ என்று மேடைகளில் அடுக்கிவைக்கப்படும் மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் ஐரோப்பியரின் வருகைக்கு முன் இங்கு அறியப்படாதவை என்பதை அம்மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வளவுக்குப் பழமையின்மேல் பற்று இருந்ததில்லை. மணலில் பிடித்து, எருவைத் தாங்கி, கறிக்கு உதவும் எதையும் அது ஏற்றுக்கொண்டது.

வீட்டுத் தேவைக்கு அப்பால், வளவின் முறைகள் தொழிலாக வளர்ந்த இடங்களும் உண்டு. கல்முனை வீதியில் அமைந்த களுதாவளை, தேற்றாத்தீவு முதலிய ஊர்கள் வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பெயர்பெற்றவை. வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் தழைப்பசளையும் ஓயாத கைவேலையும் வேண்டும். வேர் அழுகாதபடி நீர் வடிய வேண்டும். மணல்நிலம் வடிகாலைத் தானே தந்தது. மற்றவற்றைக் குடும்பத்தின் உழைப்பு தந்தது. வெற்றிலையும் பாக்கும் திருமணப் பேச்சு முதல் கோயில் மடை வரை எல்லாவற்றிலும் முன்நிற்கும் பொருள்கள். வைகாசி மாதத்தில் வாவிக்கரை ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் திருக்குளிர்த்திச் சடங்கில் கமுகம்பாளை, தென்னம்பாளை, வாழைக்குலை, வெற்றிலை என மடையில் வைக்கப்படுபவற்றில் பல வளவில் விளைவனவே. இவ்வூர்களின் சடங்கு, இலக்கியம், வாழ்வு ஆகியவற்றைத் தொகுத்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்தது.

அரசு வீட்டுத்தோட்டத்தை நினைத்த காலங்கள் பெரும்பாலும் அரிசி தட்டுப்பட்ட காலங்களே. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை தன் அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதில் பர்மாவின் பங்கு மிகப் பெரிது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகம் குண்டுவீச்சுக்கு உள்ளான அதே நாளில், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.  அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கிடைத்த நிலத்திலெல்லாம் உணவு பயிரிடும்படி அரசு வலியுறுத்தியது. போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் அந்த வற்புறுத்தல் மறைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அரசின் கவனம் முழுவதும் நெல்லின்மேல் திரும்பியது. கல்லோயாத் திட்டத்தின் நீர்ப்பாசனமும், பத்தலகொடையில் உருவான எச் 4 போன்ற புதிய நெல்லினங்களும், 1962 இல் தொடங்கிய பசளை மானியமும் சேர்ந்து படுவான்கரையின் வேளாண்மையை மாற்றின. யூரியாவும் கிருமிநாசினியும் வயலுக்கு வந்தன. எழுவான்கரை வளவுக்கு அவை பெருமளவில் வரவில்லை. அதற்குக் காரணம் கொள்கை அன்று: மானியம் தொடக்கத்தில் நெல்லுக்கே உரியதாக இருந்தது, கடன் பெரும்பாலும் நெல்லுக்கே கிடைத்தது, கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் வளவின் கத்தரிக்குப் பக்கம் இல்லை. ஆகவே வளவு இரசாயனத்தை விலக்கியது என்று சொல்வதைவிட, இரசாயனத்தைப் பரப்பிய நிறுவனங்களின் கண்ணில் வளவு படவில்லை என்று சொல்வதே பொருத்தம். சந்தைக்காகப் பயிரிட்ட மரக்கறித் தோட்டங்களில் நிலை வேறு. அங்கு விலை கிடைத்தவுடன் பசளைப் பையும் விசிறும் கருவியும் வந்துவிட்டன.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாகி, பங்கீட்டு அரிசி குறைந்தபோது, மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் மீண்டும் அடுப்பேறின. அத்தசாப்தத்தின் பெரிய திருப்பமோ 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி. கரையோரத் தென்னைகளில் மிகப் பெரும்பகுதியை அது முறித்தும் வேரோடு சாய்த்தும் போட்டது. வளவுகளின் மேல்தட்டு ஒரே இரவில் இல்லாமற் போயிற்று. தேங்காயோடு கிடுகும் விறகும் பொச்சும் போயின என்பதால், மணலில் பயிர்செய்யும் முறையின் மூலப்பொருள்களே அற்றுப்போயின. நிழல் நீங்கிய நிலத்தில் கோடை வெயில் நேராக விழ, ஈரத்தைக் காக்க வழியிருக்கவில்லை. அன்று நட்ட தென்னம்பிள்ளைகள் காய்க்கத் தொடங்கிய காலத்தில் நாடு உள்நாட்டுப் போருக்குள் நுழைந்துவிட்டது.

போர்க்காலம் வளவுக்கு இரு வேறு விளைவுகளைத் தந்தது. வெடிமருந்து தயாரிக்க உதவும் என்ற காரணத்தால், இராணுவக் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்கு யூரியா கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது; வீதி மூடப்பட்ட நாட்களில் முருங்கையிலையும் மரவள்ளியும் பலாக்காயும் உயிர் காத்தன. மறுபுறம், 1990 இலும் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் நேர்ந்த இடப்பெயர்வுகளில் மக்கள் வளவை விட்டு ஓடினர். ஆளில்லாத வளவில் கிணறு தூர்ந்தது, வேலி போயிற்று, மாடுகள் புகுந்தன. மரங்கள் நின்றாலும், எந்த விதையை எப்போது ஊன்றுவது என்ற ஆண்டுச் சுழற்சி அறுந்தது. 

2004 டிசெம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, காத்தான்குடி, கல்லாறு முதலிய ஊர்களுக்குள் புகுந்தபோது, உயிரிழப்புக்கு அடுத்தபடியாகக் கிணறுகளே பாழாயின. கடல்நீர் மணலினூடே இறங்கி நன்னீர் வில்லையோடு கலந்தது. கிணறுகளைத் துப்புரவு செய்ய வந்த தொண்டர்கள் நீரிறைக்கும் இயந்திரங்களால் அவற்றை மீண்டும் மீண்டும் வற்ற இறைத்தனர். அது நல்லெண்ணத்தின் செயல்தான். ஆனால் வில்லை மெலிந்த இடத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும் என்பதைக் கிழக்குக் கரைக் கிணறுகளை ஆராய்ந்த நீரியலார் அப்போதே எச்சரித்தனர். கிணறுகளைத் தேற்றியது பின்வந்த மாரிகளின் மழையே. கல்லடியிலும் நாவலடியிலும் உப்பைத் தாங்கும் தென்னை நின்றது. வாழையும் எலுமிச்சையினமும் கருகின.

2021 மே 6 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டு, நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என ஆணையிடப்பட்டபோது, கூட்டெரு என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தது. வாவியில் மண்டும் ஆற்றுவாழையும், மாட்டெருவும், வைக்கோலும் அடுக்கப்பட்டன. ஆனால் ஒரு வளவுக்குப் போதுமான எருவும் ஓர் ஏக்கர் வயலுக்கு வேண்டிய எருவும் ஒப்பிடவே முடியாத அளவுகள். நூற்றாண்டுகளாக வளவு சேதனப் பசளையால் வாழ்ந்தது என்றால், பரந்த வயலின் தாளும் மேய்ச்சல் நிலத்துச் சாணமும் அந்தச் சிறிய நிலத்தில் வந்து குவிந்ததால்தான். எடுத்த இடத்திற்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது கணக்கு உதைத்தது. அவ்வாண்டு பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி தீர்ந்து உணவு விலை ஏறியபோது, 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. 1942 இன் குரல் எண்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டது. இதற்கு முன், வீட்டுத்தோட்டத்தை ஊக்குவித்து 2011 இல் தொடங்கிய அரசின் திவிநெகும திட்டத்திலும் அதன் எதிரொலி இருந்தது. கறிக்கு உதவும் நிலத்தைச் சோற்றுக்கு ஈடாகக் கருதும் பிழை இவற்றில் அடிக்கடி நேர்ந்தது.

இதற்கிடையே நிலமே சுருங்கிவிட்டது. வளவை வளர்த்த அதே சீதன வழக்கம்தான் அதைத் துண்டாக்கியும் வருகிறது: மகளுக்கு ஒரு வீடு என்ற விதியைக் காப்பாற்ற, ஒரு வளவு இரண்டாகவும் நான்காகவும் பிரிகிறது. இலங்கையில் நிலம் பேர்ச்சில் அளக்கப்படும். ஏக்கருக்கு 160 பேர்ச், ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அரை ஏக்கர் வளவு நான்கு மகள்களுக்குப் பிரிந்தால் ஒருத்திக்கு இருபது பேர்ச். அவளுடைய மகள்களுக்கு ஐந்தோ பத்தோ. குடிநெருக்கம் மிகுந்த காத்தான்குடியிலும் புளியந்தீவிலும், வீடும் மலசலகூடக் குழியும் கிணறும் அடங்கிய பின் எஞ்சும் இடம் அற்பமே. மணலில் கழிவு எளிதில் இறங்குவதால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே வேண்டிய தூரத்தை விடுவதே இங்குத் தோட்டத்தைவிட அவசரமான கேள்வியாகிவிட்டது. கிடுகு வேலியின் இடத்தில் சீமெந்து மதில் எழுந்ததும் முசுட்டையும் குறிஞ்சாவும் படர இடமிழந்தன. அவை இப்போது சந்தையில் கட்டாக விற்கப்படுகின்றன. மொட்டைமாடியிலும் முற்றத்திலும் பழைய பசளைப் பைகளில் மண் நிரப்பிக் கத்தரியும் கொச்சிக்காயும் வைப்போர் உண்டு. அம்மண்ணும் எருவும் படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, பாலத்தைக் கடந்து விலைக்கு வருகின்றன. பத்துப் பேர்ச் வளவில் பெரும்பாலும் ஒரு தென்னையும் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் எஞ்ச, மற்ற மரக்கறி களுதாவளைத் தோட்டங்களிலிருந்து வருகிறது.